ரேடியோ அட்டவணைகளை இணைத்துப் பெற்ற நிறமாலைச் சுட்டெண்: எதை நம்புவது, எதை விடுவது?

கித்தாக்காடு (சுங்கை சிப்புட்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஆறு மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். எங்கள் வானியல் கழகத்தில் ஒரு தொலைநோக்கி உண்டு. ஆண்டிறுதியில் மாலையானால் மழை பிடித்துக்கொள்வதால் அது பெரும்பாலும் உறைக்குள்ளேயே கிடக்கிறது. எனவே இம்முறை விசியர் என்னும் வானியல் தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ரேடியோ அட்டவணைகளை (வானில் ரேடியோ அலை வீசும் மூலங்களின் பட்டியல்களை) வைத்து ஆய்வு செய்யலாம் என்று தொடங்கினோம்.

புனே அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி 150 மெகாஹெர்ட்ஸில் எடுத்த டி.ஜி.எஸ்.எஸ்., அமெரிக்காவின் வி.எல்.ஏ. தொலைநோக்கி 1400 மெகாஹெர்ட்ஸில் எடுத்த என்.வி.எஸ்.எஸ். ஆகிய இரு அட்டவணைகளையும் எடுத்துக்கொண்டோம். நம் ஊருக்கு ஏறத்தாழ உச்சியில் செல்லும் வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு துண்டில் 20 வில்நொடி ஆரத்துக்குள் மிக அருகில் உள்ளவற்றை டாப்கேட் மென்பொருளில் இணைத்து, பாய அடர்த்தி (நம்மை எட்டும் ரேடியோ அலையின் வலிமை) அதிர்வெண்ணின் எந்த அடுக்காக மாறுகிறது என்பதை, அதாவது நிறமாலைச் சுட்டெண்ணைக் கணக்கிட்டோம். பெரும்பாலானவை பாடநூல் சொல்வதுபோல் -0.7, -0.8 என்ற அளவில் குவிந்தன. ஆனால் ஒரு சிறு கூட்டம் -1.3க்கும் கீழே இறங்கி நிற்கிறது. இன்னொன்று சுழியத்தைத் தாண்டி நேர்மறைப் பக்கம் போய்விட்டது. மாணவர்கள் இவற்றையெல்லாம் புதுமையான பொருள்கள் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். இவற்றில் எவை வானத்துக்குரியவை, எவை எங்கள் இணைப்பு முறையால் வந்தவை என்று எப்படிப் பிரிப்பது? ஆஸ்திரேலியாவின் கிளீம் அட்டவணையையும் சேர்க்க விரும்புகிறோம். அதன் கற்றையே (பிரித்துக் காணக்கூடிய மிகச் சிறிய அளவே) சுமார் 2 வில்நிமிடம் என்பதால், இணைப்பு ஆரத்தையும் அந்த அளவுக்கு விரிக்க வேண்டுமா?

தரவுத்தறி (பினாங்கு) எழுதியது:

வணக்கம் ஆசிரியரே. கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்: ஆரத்தை விரிக்க வேண்டாம். என்.வி.எஸ்.எஸ்.-இல் ஏறத்தாழ 18 இலட்சம் மூலங்கள் உள்ளன. அது பார்த்த பரப்பில் ஒரு சதுரப் பாகைக்குச் சுமார் 53 என்று வருகிறது. வானத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு புள்ளியை வைத்து, அதைச் சுற்றி 15 வில்நொடிக்குள் தேடினால், தொடர்பே இல்லாத ஒரு மூலம் அகப்படும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்றுதான். ஆரத்தை 2 வில்நிமிடமாக்கினால் அது கிட்டத்தட்ட ஆறில் ஒன்றாகிவிடும். கற்றை அகலமாக இருப்பதால் இடமும் அதே அளவுக்குத் தெளிவற்றது என்று பொருளில்லை. மூலம் இரைச்சலைவிட எத்தனை மடங்கு வலுவாக இருக்கிறதோ அத்தனைக்கு மையத்தின் இடம் கூர்மையாகும். வலுவான கிளீம் மூலங்களுக்கு ஒரு சில வில்நொடித் துல்லியமே கிடைக்கும்.

உங்கள் விபரீத எண்களுக்கு முதற்காரணமாக நான் ஐயுறுவது கற்றைகளின் அளவு வேறுபாட்டைத்தான். என்.வி.எஸ்.எஸ். கற்றை 45 வில்நொடி, டி.ஜி.எஸ்.எஸ். கற்றை 25. இருபுறமும் ரேடியோ ஒளிர்வு மடல்கள் கொண்ட ஒரு விண்மீன்திரளை நினைத்துக்கொள்ளுங்கள். டி.ஜி.எஸ்.எஸ்.-இல் அது 34 வில்நொடி இடைவெளியில் 130, 118 மில்லிஜான்ஸ்கி (பாய அடர்த்தியின் அலகு) என அட்டவணையில் இரண்டு வரிகளாக நிற்கும். என்.வி.எஸ்.எஸ்.-இல் இரண்டும் கலந்து நடுவில் ஒரே வரியாக, 48 மில்லிஜான்ஸ்கி என்று இருக்கும். மிக அருகில் உள்ளதை மட்டும் எடுக்கச் சொன்னால் மென்பொருள் 130ஐ மட்டும் இணைத்து -0.45 என்று தரும். இரண்டையும் கூட்டி 248 என்று வைத்தால் -0.74. அதே பொருள்தான்; ஒன்று தட்டையான நிறமாலை (சுட்டெண் சுழியத்துக்கு அருகில்) என்ற பெயரில் போய்விடும், மற்றது மிகச் சாதாரண விண்மீன்திரளாகிவிடும். ஆகவே ஒவ்வொரு என்.வி.எஸ்.எஸ். மூலத்தைச் சுற்றியும் அதன் கற்றைக்குள் விழும் டி.ஜி.எஸ்.எஸ். மூலங்கள் அனைத்தையும் கூட்டிய பிறகே கணக்கிடுங்கள். 45 வில்நொடிக்குள் வேறு துணை ஏதும் இல்லாதவற்றைத் தனியே எடுத்து அவற்றின் பரம்பலை முதலில் வரைந்து பார்த்தால், இரு ஓரங்களிலும் உள்ள உங்கள் விலகிய கூட்டங்களில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

பரந்து விரிந்த மூலங்களில் வேறு ஒரு சிக்கல் உண்டு. பல ஆன்டெனாக்களை இணைத்து ஒரே தொலைநோக்கியாக்கும் குறுக்கீட்டுமானியில் மிக நெருங்கிய ஆன்டெனாச் சோடிகள் எவ்வளவு அருகில் உள்ளனவோ அதைப் பொறுத்தே அது காணக்கூடிய மிகப் பெரிய அமைப்பு இருக்கும். அதற்கு மேற்பட்ட பரவலான ஒளிர்வு அட்டவணைக்கே வராது. இதைச் சோதிக்க ஓர் எளிய வழி, அதே 1400 மெகாஹெர்ட்ஸில் 5 வில்நொடிக் கற்றையோடு எடுத்த ஃபர்ஸ்ட் அட்டவணையைப் பக்கத்தில் வைப்பது. ஒரே அதிர்வெண்ணில் ஃபர்ஸ்ட் தரும் பாயம் என்.வி.எஸ்.எஸ்.-ஐவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால் அந்த மூலம் புள்ளி அன்று. அதன் சுட்டெண்ணைப் பற்றிப் பேசுமுன் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

பழைய வரைபடம் (தைப்பிங்) எழுதியது:

இரண்டு சிறு எச்சரிக்கைகள். கிளீம் அட்டவணை பாயத்தை ஜான்ஸ்கியில் தருகிறது. மற்ற இரண்டும் மில்லிஜான்ஸ்கி. 4சி போன்ற பழைய கேம்பிரிட்ஜ் அட்டவணைகளைச் சேர்ப்பதானால் அவற்றின் ஆயங்கள் 1950ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட பி1950 முறையில் இருக்கும். நடுக்கோட்டருகே அது இன்று வழங்கும் ஜே2000 முறையிலிருந்து அரைப் பாகைக்கு மேல் விலகி நிற்கும். மாற்றிவிட்டு இணையுங்கள்.

அலைக்கம்பி (ஈப்போ) எழுதியது:

தரவுத்தறி சொன்னதோடு அளவுகோல் பற்றியும் சேர்க்க வேண்டும். ஒரே லாரிச் செம்பனைக் குலையைச் சேகரிப்பு நிலையத்தில் ஓர் எடையும் ஆலையில் வேறோர் எடையுமாக எழுதிக்கொள்வதை நம் தோட்டத்துப் பக்கம் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. என்.வி.எஸ்.எஸ். 1977இல் பார்ஸ் குழுவினர் வகுத்த பாய அளவுகோலைச் சார்ந்தது, டி.ஜி.எஸ்.எஸ். 2012இல் ஸ்கைஃப், ஹீல்ட் ஆகியோர் குறைந்த அதிர்வெண்களுக்கென வகுத்ததைச் சார்ந்தது. மேலும், டி.ஜி.எஸ்.எஸ்.-இன் பாயம் வானத்தில் இடத்துக்கு இடம் சற்று ஏறி இறங்குவதைப் பின்னர் கண்டறிந்து, கிளீம் அட்டவணையோடு ஒப்பிட்டு ஒரு பகுதிக்குத் திருத்திய பாயங்களை வெளியிட்டார்கள். உங்கள் வான்துண்டு அதற்குள் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

பிழை எவ்வளவு என்பதையும் மாணவர்களைக் கொண்டே கணக்கிடச் சொல்லுங்கள். ஒரு பாயத்தில் 10 விழுக்காடும் மற்றதில் 3 விழுக்காடும் பிழை என்றால், 150க்கும் 1400க்கும் இடையே சுட்டெண்ணில் வரும் பிழை சுமார் 0.05தான். அதே பிழைகளோடு தென்வானத்து 843 மெகாஹெர்ட்ஸ் அட்டவணையான சம்ஸையும் 1400ஐயும் இணைத்தால் அது 0.2 ஆகிவிடும். அதிர்வெண்கள் நெருங்க நெருங்கச் சுட்டெண் தள்ளாடும் என்பதை விதியாகச் சொல்வதைவிட இந்த இரண்டு எண்களைப் பலகையில் எழுதிக் காட்டுவது மேல்.

நேர்மறைப் பக்கத்துக்கு வருவோம். என்.வி.எஸ்.எஸ். 1993 முதல் 1996 வரை எடுக்கப்பட்டது, டி.ஜி.எஸ்.எஸ். 2010 முதல் 2012 வரை. இடைப்பட்ட காலத்தில் ஒரு பிளேசார் (பொலிவு அடிக்கடி மாறும் விண்மீன்திரள் மையம்) இருமடங்கு பொலிவடைந்தோ மங்கியோ இருக்கலாம். அப்போது உங்கள் சுட்டெண் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் விகிதமே தவிர நிறமாலை அன்று. உண்மையிலேயே குறைந்த அதிர்வெண்ணில் வளைந்து இறங்கும் மூலங்களும் உண்டு. பி.கே.எஸ். 1934-638 என்ற மூலம் ஏறத்தாழ 1400 மெகாஹெர்ட்ஸ் அருகே உச்சமடைந்து இருபுறமும் சரிகிறது. அளவில் சிறிய இத்தகைய இளம் மூலங்களில், காந்தப்புலத்தில் விரையும் எலெக்ட்ரான்கள் உமிழும் சின்க்ரோட்ரான் கதிர்வீச்சை அவையே உறிஞ்சிக்கொள்கின்றன. கிளீம் 72 முதல் 231 மெகாஹெர்ட்ஸ் வரை 20 சிறு பட்டைகளாகப் பாயத்தைத் தருவதால் இந்த வளைவை அதில் நேரடியாகக் காணலாம். இரண்டே புள்ளிகளுக்கு இடையில் கோடு போட்டுக்கொண்டிருக்கும் வரை அது உங்களுக்குத் தெரியாது.

கித்தாக்காடு எழுதியது:

மிக்க நன்றி. தனித்து நிற்கும் மூலங்களை மட்டும் எடுத்தபோது நேர்மறைக் கூட்டம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. செங்குத்தான (-1.3க்கும் கீழுள்ள) கூட்டத்தில் சில அப்படியே இருக்கின்றன. இன்னொரு ஐயம்: என்.வி.எஸ்.எஸ்.-இல் உள்ள மங்கலான மூலங்களில் பெரும்பாலானவற்றுக்கு டி.ஜி.எஸ்.எஸ்.-இல் இணையே இல்லை. அவற்றை விட்டுவிடலாமா?

தரவுத்தறி எழுதியது:

விட்டுவிட்டால் உங்கள் சராசரியே சாய்ந்துவிடும். டி.ஜி.எஸ்.எஸ். அட்டவணைக்குள் நுழைய ஒரு மூலம் இரைச்சலைப்போல் ஏழு மடங்கு, அதாவது சுமார் 25 மில்லிஜான்ஸ்கி இருக்க வேண்டும். 1400இல் 5 மில்லிஜான்ஸ்கி கொண்ட சாதாரண மூலம் ஒன்று -0.7 சுட்டெண்ணோடு 150க்குச் சென்றால் 24தான் வரும், வாசலிலேயே நின்றுவிடும். அந்த மட்டத்துக்குக் கீழே இணை கிடைப்பவை எல்லாம் செங்குத்தானவையாகவே இருக்கும். எனவே அடித்தளமாக டி.ஜி.எஸ்.எஸ்.-ஐ வைத்து, 220 மில்லிஜான்ஸ்கிக்கு மேற்பட்டவற்றை மட்டும் எடுங்கள். என்.வி.எஸ்.எஸ். 2.5 மில்லிஜான்ஸ்கி வரை காண்பதால், சுட்டெண் -2 வரை இறங்கும் மூலங்கள்கூட அங்கே தப்பாமல் இருக்கும். இல்லாதவற்றின் இன்மைக்கும் அப்போது பொருள் உண்டு.

எஞ்சி நிற்கும் செங்குத்தானவற்றை எளிதில் தள்ளிவிடாதீர்கள். 4சி 21.53 என்ற மூலம் அளவில் மிகச் சிறியதாகவும் நிறமாலை மிகச் செங்குத்தாகவும் இருந்ததே ஐயத்தைக் கிளப்பியது. 1982இல் அதற்குள்ளிருந்து 1.558 மில்லிநொடிக்கு ஒருமுறை சுழலும் முதல் மில்லிநொடித் துடிவிண்மீன் (சுழன்றபடி சீரான துடிப்புகளை வீசும் நியூட்ரான் விண்மீன்) வெளிவந்தது. டி.ஜி.எஸ்.எஸ். ஜே1530+1049 என்ற மூலம் -1.4 என்ற சுட்டெண்ணால் கவனத்துக்கு வந்து, 2018இல் 5.72 சிவப்பு நகர்வு கொண்ட, அதாவது மிகத் தொலைவிலுள்ள ரேடியோ விண்மீன்திரள் என்று அறிவிக்கப்பட்டது. மூப்படைந்த எலெக்ட்ரான்கள் எஞ்சியிருக்கும் அணைந்த ரேடியோ மடல்களும் இதே எண்களைத் தரும்.

உங்களிடம் மிஞ்சியவற்றில் ஃபர்ஸ்ட் படத்திலும் ஒரே புள்ளியாகத் தெரிபவற்றின் ஆயங்களை இங்கே இடுங்கள். துடிவிண்மீன் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.