நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில் கஷாயம்: மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கலாமா?

காவிரிக்கரை ஆசிரியை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. திருச்சிக்கு அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். நான்கு நாட்களாகச் சிறுநீர் கழிக்கும்போது கடுமையான எரிச்சல். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டும் என்று தோன்றுகிறது. போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. அடிவயிறும் கனத்து வலிக்கிறது. காய்ச்சல் இல்லை. சர்க்கரை நோய் இல்லை, கர்ப்பமாகவும் இல்லை. இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் குணமாகிவிட்டது.

இம்முறை, "மாத்திரையாகவே விழுங்கிக்கொண்டிருந்தால் உடம்பு என்ன ஆவது?" என்று கேட்டு, என் மாமியார் நாட்டு மருந்துக் கடையில் நெருஞ்சில் முள்ளும் சிறுபீளையும் வாங்கி வந்து கஷாயம் வைத்துத் தருகிறார். இரண்டு நாட்களாகக் குடிக்கிறேன். குடித்த ஒரு மணி நேரத்தில் எரிச்சல் பாதியாகக் குறைகிறது. விடியற்காலையில் மறுபடியும் பழைய நிலைதான். இந்தக் கஷாயம் மட்டும் போதுமா, மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கலாமா? உடன் பணிபுரியும் ஒருவர் கிரான்பெரித் தேநீர், பேர்பெரி இலைத் தேநீர் என்று இணையத்தில் கிடைப்பவற்றையும் பரிந்துரைக்கிறார். அவற்றால் பயன் உண்டா?

கொங்கு நாட்டுப் பாட்டி எழுதியது:

சிறுபீளையை எங்கள் பக்கத்தில் பூளைப்பூ என்போம். பொங்கலுக்கு முன் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வீட்டு வாசலில் காப்புக் கட்டும் அதே செடிதான். என் மாமியார் அதை வேரோடு அலசி, இரண்டு தம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு தம்ளராக வற்றக் காய்ச்சித் தருவார். கோடையில் நீர்க்கடுப்பு வந்தால் எங்கள் வீட்டில் முதல் மருந்து அதுதான். அடுத்தது பார்லிக் கஞ்சித் தண்ணீர், அதற்கும் அடுத்தது கொத்தமல்லி விதையை இரவில் ஊறவைத்த நீர். மூன்றுமே எரிச்சலைத் தணிக்கும் என்பது என் அனுபவம்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு உங்களைப் போலவே வந்தபோது, கஷாயம் கேட்கிறது என்று நம்பி ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். எரிச்சல் குறைந்துகொண்டேதான் வந்தது. எட்டாம் நாள் இரவு பல் கிட்டும் அளவுக்குக் குளிர் நடுக்கம், இடுப்புக்கு மேலே முதுகின் ஒரு பக்கம் குத்தல், வாந்தி. தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று ஐந்து நாள் மருத்துவமனையில் வைத்து ஊசி போட்டார்கள். கஷாயத்தின் மீது எனக்குக் கோபமில்லை. அது செய்யாத வேலையை அதன் தலையில் கட்டியது நான்தான்.

சித்த மருத்துவர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் பயின்று, இப்போது தனியாக மருத்துவம் பார்த்துவருகிறேன்.

நெருஞ்சில், சிறுபீளை இரண்டும் சிறுநீரைப் பெருக்கும் மூலிகைகளாக எங்கள் மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிவருபவை. சிறுநீர் நீர்த்துப்போகும்போது, புண்பட்ட பாதையில் அது உண்டாக்கும் எரிச்சல் குறைகிறது. அடிக்கடி வெளியேறும்போது பையில் தேங்கிய கிருமிகளில் ஒரு பகுதியும் அடித்துச் செல்லப்படுகிறது. நீங்கள் உணரும் ஒரு மணி நேர நிம்மதி இதுதான். இரவு முழுவதும் குடிக்காமலும் கழிக்காமலும் இருக்கும் நேரத்தில் எஞ்சிய கிருமிகள் மறுபடியும் பெருகிவிடுகின்றன; விடியற்காலை எரிச்சலுக்கு அதுவே காரணம். ஆகவே கஷாயத்தை வேதனை தணிக்கும் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் மூன்றாவது முறை என்பதால், கிருமி எது என்று பார்க்காமல் கஷாயத்தை மட்டும் நம்பச் சொல்ல என் மனம் ஒப்பாது.

வாங்கும் பொருளிலும் கவனம் வேண்டும். சிறு நெருஞ்சில் வேறு, யானை நெருஞ்சில் வேறு. யானை நெருஞ்சிலின் பச்சைத் தழையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் நீர் விளக்கெண்ணெய் போலக் கொழகொழத்துவிடும். அதற்கும் மருத்துவப் பயன் உண்டு, ஆனால் காய்ந்த முள்ளாகப் பொட்டலத்தில் வரும்போது இரண்டும் ஒன்றாகப் பேசப்படுகின்றன. இது பெரிய ஆபத்தில்லாத குழப்பம். பெயர் சொல்லாத "சிறுநீரகப் பொடி"க் கலவைகளைத்தான் நான் அஞ்சுகிறேன். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகக் கொடுத்த மூலிகை மருந்தில் ஒரு வேருக்குப் பதிலாக வேறொரு வேர் கலந்துவிட்டதால் பல பெண்களின் சிறுநீரகங்கள் பழுதாயின. அந்த வேர், நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்தது. எனவே கலவைப் பொடி வேண்டாம். கண்ணால் பார்த்து இன்னது என்று சொல்லக்கூடிய ஒற்றைச் சரக்காக வாங்குங்கள்.

நீங்கள் நலமான சிறுநீரகம் உடையவர் என்றால், காலையும் மாலையும் ஒரு தம்ளர் என்று சில நாட்கள் குடிப்பதில் தவறில்லை. காய்ச்சியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள், நீரின் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோர் இதைப் படித்துவிட்டுத் தாமாகத் தொடங்க வேண்டாம். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு வாழைத்தண்டுச் சாறுகூட ஆகாது. அதில் பொட்டாசியம் மிகுதி.

ஆய்வுக்கூட ஊழியர் எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதோடு என் துறை சார்ந்த ஒன்றைச் சேர்க்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக நுண்ணுயிரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். சிறுநீர்ப் பாதைத் தொற்றில் பெரும்பாலும் நாங்கள் காண்பது குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவைத்தான். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. சென்ற முறை கேட்ட மாத்திரையை மருந்துக் கடையில் மறுபடியும் வாங்கிச் சாப்பிடுவது சரியாக வராமல் போவது இதனால்தான்.

கல்ச்சர் பரிசோதனைக்கு, அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து எது என்று பார்க்கும் சோதனைக்கு, மாதிரி கொடுக்கும் முன் லிட்டர் கணக்கில் கஷாயமும் தண்ணீரும் குடித்துவிட்டு வருகிறார்கள். சிறுநீர் அந்த அளவுக்கு நீர்த்துப்போனால் கிருமிகளின் எண்ணிக்கை குறைவாகத் தெரியும்; தொற்று இருந்தும் "இல்லை" என்று முடிவு வரக்கூடும். எனவே முதலில் மாதிரி, பிறகு மாத்திரை. கஷாயமும் அதற்குப் பிறகுதான். விடியற்காலை முதல் சிறுநீர் நல்லது. தொடக்கத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய குப்பியில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். முடிவு வர இரண்டு நாட்கள் ஆகலாம். அதுவரை காத்திருப்பதா, உடனே மாத்திரையைத் தொடங்குவதா என்பதை மருத்துவர் சொல்வார்.

கிரான்பெரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வின்படி, அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அது மீண்டும் வரும் வாய்ப்பைக் கிரான்பெரி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது. அது தடுப்புக்கு, வந்துவிட்ட தொற்றைக் குணப்படுத்த அல்ல. அந்த ஆய்வுகளில் பயன்பட்டவையும் சாறு, மாத்திரை, பொடி போன்றவையே. கடையில் விற்கும் தேயிலைப் பொட்டலத்தில் பழத்தின் வாசனைதான் பெரும்பாலும் இருக்கிறது. பேர்பெரி இலைச் சாரத்தை இங்கிலாந்தில் முறையாகச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். எரிச்சலைக் குறைப்பதில், ஒப்பீட்டுக்காகக் கொடுத்த மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. காசு மிச்சம் என்று விட்டுவிடலாம்.

கடைசியாக ஒரு கேள்வி: காலையில் பள்ளிக்குக் கிளம்பியதிலிருந்து மாலை வீடு திரும்பும் வரை நீங்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?

காவிரிக்கரை ஆசிரியை எழுதியது:

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. உண்மையைச் சொல்கிறேன். எட்டரை மணிக்குப் பள்ளிக்குள் நுழைந்தால் நாலரை மணி வரை அரைத் தம்ளர்கூடக் குடிப்பதில்லை. பெண் ஆசிரியைகள் ஏழு பேருக்கு ஒரே கழிப்பறை. அதிலும் தண்ணீர் பாதி நாள் வராது. போகாமல் இருப்பதற்காகவே குடிக்காமல் இருக்கிறோம், அது பழக்கமாகிவிட்டது.

இன்று காலை மாதிரி கொடுத்துவிட்டு மருத்துவரையும் பார்த்தேன். நைட்ரோஃபியூரன்டாயின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை ஐந்து நாளைக்கு எழுதியிருக்கிறார். மருந்துக் கடையில் எரிச்சலுக்கு என்று ஒரு சிரப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள்; சீட்டில் அது இல்லை. குடிக்கலாமா?

ஆய்வுக்கூட ஊழியர் எழுதியது:

அது சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் சிட்ரேட் சிரப்பாக இருக்கலாம். உங்கள் மாத்திரையோ அமிலத்தன்மையுள்ள சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். மருத்துவரிடம் கேட்காமல் சேர்க்காதீர்கள். மாத்திரையை உணவுக்குப் பிறகு சாப்பிடுங்கள். சிறுநீர் பழுப்பாக வந்தால் பயப்பட வேண்டாம்.

பள்ளி விஷயத்தில் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த, தொற்று அடிக்கடி வந்துகொண்டிருந்த 140 பெண்களைப் பல்கேரியாவில் ஓராண்டு கவனித்தார்கள். கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்கு அந்த ஆண்டில் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3.2 முறை. 2018இல் வெளியானது. எந்த மூலிகையும் இல்லை, வெறும் தண்ணீர்.

கொங்கு நாட்டுப் பாட்டி எழுதியது:

ஏழு பேரும் சேர்ந்து கையெழுத்திட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள் அம்மா. தண்ணீர் வரும் வரை, ஒரு வாளியில் பிடித்து வைக்கவாவது ஏற்பாடு செய்யுங்கள். பள்ளிக்குக் கஷாயத்தைக் குடுவையில் கொண்டு போகாதீர்கள், மதியத்துக்குள் புளித்துவிடும். தண்ணீர் கொண்டு போங்கள், இரண்டு பாட்டில். மாமியாரின் கஷாயத்தை மாலையில் வீட்டுக்கு வந்து குடித்தால் அவருக்கும் மனம் கோணாது.