சூடாக இருந்தால் மட்டும் செல்ஃப் எடுக்காத பழைய கார்: 'டிக்' சத்தத்தோடு நின்றுவிடுகிறது

கோவை_ஹேட்ச்
2003 மாடல் பெட்ரோல் கார், 4 சிலிண்டர், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் பீய்ச்சும் முறை), மேனுவல் கியர். காலையில் சாவியைத் தொட்டதுமே ஸ்டார்ட் ஆகிறது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு பத்து பதினைந்து நிமிடம் நிறுத்தி, திரும்ப வந்து சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டிக்'. இன்ஜின் சுற்றுவதே இல்லை. மீட்டர் போர்டு விளக்குகள் மங்குவதில்லை. ஏழெட்டு முறை திருப்பினால் எப்போதாவது பிடிக்கும், அரை மணி ஆறவிட்டால் கட்டாயம் எடுக்கும். பேட்டரி புதிது, 12.6 வோல்ட் காட்டுகிறது. டெர்மினல்களில் உப்பு இல்லை. செல்ஃப் மோட்டாரை மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். செலவு செய்யும் முன் எதை அளந்து பார்க்கலாம்? மல்டிமீட்டர் இருக்கிறது.

வோல்ட்டேஜ்_டிராப்
விளக்கு மங்கவில்லை என்று சொன்னது நல்ல துப்பு சார். செல்ஃப் மோட்டார் கரன்ட் எடுக்க ஆரம்பித்தாலே நூறு ஆம்பியருக்கு மேல் போகும், விளக்கு கொஞ்சமாவது மங்கியே தீரும். மங்கவில்லை என்றால் மோட்டாருக்குக் கரன்ட் போகவே இல்லை. அதாவது சாலினாய்டு (செல்ஃப் மேல் இருக்கும் மின்காந்த சுவிட்ச்) பாதி இழுத்து நின்றுவிடுகிறது, இல்லாவிட்டால் முழுதாக இழுத்தும் உள்ளே இருக்கும் செம்புக் காண்டாக்ட் தேய்ந்து கரன்டைக் கடத்தவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் செல்ஃபை மாற்றாதீர்கள்.

கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள். இன்ஜின் ஓடிவிடாமல் இருக்க இக்னிஷன் காயில் கனெக்டரையும் ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையும் கழற்றி வையுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் போஸ்டிலேயே வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, மூன்று இடம் பாருங்கள்: பேட்டரி பாசிட்டிவ் போஸ்ட், சாலினாய்டுக்கு வரும் மெல்லிய வயர், சாலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் தடித்த போல்ட். கோளாறு வரும் நேரத்தில் எடுத்த அளவுதான் பயன்படும். வண்டி நன்றாக இருக்கும்போதும் ஒரு தடவை எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு முறைக்கு 5 விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம்.

மெல்லிய வயரில் 11 வோல்ட் வந்து, 'டிக்' கேட்டு, மோட்டார் போல்ட்டில் பூஜ்யம் என்றால் காண்டாக்ட் போய்விட்டது. போல்ட்டிலும் 11 வந்து சுற்றவில்லை என்றால் கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்குக் கரன்ட் கொடுக்கும் கரித்துண்டு) போய்விட்டது. மெல்லிய வயரிலேயே 8-க்குக் கீழே என்றால் செல்ஃப் மேல் குற்றமில்லை, அதற்கு முன்னால் எங்கோ வோல்ட்டேஜ் தின்னப்படுகிறது.

சுத்தியால் தட்டிப் பார்க்கச் சொல்வார்கள். நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டாரில் ஓங்கித் தட்டினால் காந்தம் விரிசல் விடும்.

எர்த்_பாயின்ட்
எர்த்தையும் விடாதீங்க. பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் செல்ஃப் பாடிக்கும் நடுவே, இன்ஜின் சுற்றும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கியர்பாக்ஸ் மேல் வரும் எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் துரு பிடித்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. கழற்றி எமரி பேப்பர் போட்டு இறுக்குங்க.

இன்னொன்று, இது வேறு வண்டிக்காரர்களுக்கு: இன்ஜின் நன்றாகச் சுற்றி, சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அது இந்தக் கதையே இல்லை. கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை உணர்ந்து சொல்வது), ஃப்யூயல் பம்ப் ரிலேயில் (சிறு கரன்டால் பெரிய கரன்டை இயக்கும் சுவிட்ச்) விட்டுப்போன ஈயப் பற்று, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

கோவை_ஹேட்ச்
எடுத்துவிட்டேன். கூலாக, இன்ஜின் சுற்றும்போது: பேட்டரி 10.7, மெல்லிய வயர் 9.4. சூட்டில், 'டிக்' மட்டும் வரும்போது: பேட்டரி 12.2, மெல்லிய வயர் 7.6, மோட்டார் போல்ட் 0. எர்த் டிராப் 0.15. ஆனால் கூலாக இருக்கும்போது ஏன் எடுக்கிறது?

வோல்ட்டேஜ்_டிராப்
12.2 கிளம்பி 7.6 தான் போய்ச் சேருகிறது, வழியில் 4.6 வோல்ட் காணாமல் போகிறது. இக்னிஷன் சுவிட்ச் (சாவி திருப்பும் சுவிட்ச்) மேல்தான் சந்தேகம்.

சூட்டில் ஏன் என்றால், செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். வண்டியை நிறுத்திய பிறகு ஃபேனும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. எக்ஸாஸ்ட் சூடு அப்படியே செல்ஃபில் இறங்கும். 30 டிகிரியில் இருந்த சாலினாய்டு காயில் 90-க்குப் போனால் ரெசிஸ்டன்ஸ் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும், இழுக்கும் கரன்ட் அதற்கேற்பக் குறையும். நல்ல வோல்ட்டேஜ் வந்தால் இதைச் சமாளிக்கும். உங்கள் வண்டியில் வோல்ட்டேஜும் பற்றாக்குறை.

கூலாக எடுத்த 9.4-ஐப் பார்த்து ஏமாறக் கூடாது. சாலினாய்டுக்குள் இரண்டு காயில். முழுதாக இழுத்துவிட்டால், இழுக்கும் வேலையைச் செய்த புல்-இன் காயில் விலகி, பிடித்து வைக்கும் ஹோல்ட் காயில் மட்டும்தான் கரன்ட் எடுக்கும். அந்தக் குறைந்த கரன்டிலேயே 1.3 வோல்ட் விழுகிறது என்றால் பாதையில் ரெசிஸ்டன்ஸ் நிறைய இருக்கிறது.

உறுதி செய்ய ஒரு சோதனை. சூட்டில் 'டிக்' வரும்போது மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு, 30 ஆம்பியர் ஃப்யூஸும் புஷ் பட்டனும் வைத்த 4 சதுர மிமீ வயரால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து அந்த முனைக்கு நேராகக் கொடுங்கள். நியூட்ரல் மறக்க வேண்டாம். உடனே சுற்றினால் செல்ஃப் நல்லது.

கோவை_ஹேட்ச்
நேராகக் கொடுத்தால் நாலு தடவையும் உடனே சுற்றியது. ஸ்டியரிங் அடியில் சுவிட்ச் கனெக்டரில் பார்த்தேன்: உள்ளே வருவது 11.9, ஸ்டார்ட் வயரில் வெளியே போவது 8.5. ரிலே மட்டும் போட்டால் போதுமா?

எர்த்_பாயின்ட்
ரிலே போடுங்க, சுலபமான வேலை. 12 வோல்ட் 40 ஆம்பியர், நாலு பின், ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு எண் இருக்கும். செல்ஃபுக்குப் போன பழைய மெல்லிய வயரை 86-ல் கொடுங்க, 85 பாடி எர்த். பேட்டரி பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து 4 சதுர மிமீ வயரில் 30-ம் எண் பின்னுக்கு. 87-லிருந்து சாலினாய்டுக்கு. சாக்கெட் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டாம். ரிலே காயில் 0.2 ஆம்பியர் கூட எடுக்காது, அதனால் சுவிட்சின் தேய்மானம் இனி பாதிக்காது.

வோல்ட்டேஜ்_டிராப்
ரிலே சரி, ஆனால் சுவிட்சையும் மாற்றச் சொல்வேன். உள்ளேயே 3.4 வோல்ட் விழுகிறது என்றால் காண்டாக்ட் கருகியிருக்கிறது. ஓடும்போது இன்ஜினுக்குக் கரன்ட் கொடுப்பதும் இதே சுவிட்ச்தான். அந்தக் காண்டாக்டும் விட்டால் வண்டி நடுரோட்டில் அணையும். ஸ்டார்ட் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் சாவியை விட்ட பிறகும் செல்ஃப் விடாது. பல வண்டிகளில் பூட்டை மாற்றத் தேவையில்லை, பின்னால் இருக்கும் மின் பகுதி தனியாகக் கிடைக்கும், பழைய சாவியே போதும். சுவிட்சுக்குப் பிறகு இன்னும் 0.9 வோல்ட் போகிறது. இடையில் இருக்கும் கனெக்டரில் பச்சைப் பாசியோ உருகிய பிளாஸ்டிக்கோ இருந்தால் அந்தப் பின்னையும் மாற்றுங்கள்.

எல்லாம் பொருத்திய பிறகு சூட்டில் மறுபடி அளந்து பாருங்கள். பேட்டரி போஸ்ட்டுக்கும் சாலினாய்டு முனைக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அந்த அளவு வந்த பிறகும் 'டிக்' திரும்பினால் செல்ஃபை இறக்கிக் காண்டாக்ட்டைத் திறந்து பாருங்கள்.