பிரிட்டனில் சேலரி சாக்ரிஃபைஸ் மூலம் மின்சாரக் கார்: எடுத்தவர்கள், எடுக்காதவர் அனுபவம்

லெஸ்டரிலிருந்து:
என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) ஆய்வகத்தில் வேலை. சேலரி சாக்ரிஃபைஸில், அதாவது வரிக்கு முன்பே சம்பளத்திலிருந்து லீஸ் தொகையைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டில், மூன்று வருட லீஸில் ஒரு கியா கார் எடுத்திருக்கிறேன், வண்டியில் ஒரு குறையும் இல்லை; இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் அந்த ஒரே பிடித்தத்தில் அடக்கம். ஆனாலும் என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் முதலில் பேஸ்லிப்பை (சம்பளச் சீட்டை) எடுத்து வையுங்கள், கலரை அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன். கார் திட்டத்தின் போர்ட்டலில் பெரிய எழுத்தில் காட்டுகிற தொகை எந்த வரி அடுக்குக்கு என்று பாருங்கள். மாதம் 550 பவுண்டு பிடித்தம் என்றால், வரியும் என்ஐயும் (தேசியக் காப்பீட்டுப் பிடித்தம்) மிச்சமாவதால் 40 சதவீத வரி கட்டுகிறவர் கையிலிருந்து 319தான் குறையும், 20 சதவீதக்காரருக்கு 396. லீஸ் கார் கம்பெனி கொடுத்த காராகக் கணக்காவதால், இதற்கு மேல் கம்பெனி கார் வரி இருக்கிறது. 2025-26இல் காரின் பட்டியல் விலையில் 3 சதவீதத்தை வருமானமாக எண்ணுவார்கள். 38,000 பவுண்டு கார் என்றால் 20 சதவீதக்காரருக்கு மாதம் 19 பவுண்டு வரி. அந்த 3 சதவீதம் வருடா வருடம் ஏறி 2027-28இல் 5, அடுத்த வருடம் 7, அதற்கடுத்து 9 ஆகிறது, அதனால் நீண்ட லீஸ் போடுகிறவர்கள் கடைசி வருடத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என் மனதை உறுத்துவது பென்ஷன்தான். எங்கள் 2015 திட்டத்தில் அந்தந்த வருடச் சம்பளத்தில் 54இல் ஒரு பங்கு பென்ஷனாகச் சேரும். பிடித்தம் போன பிறகு உள்ள சம்பளத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வருடம் 6,600 குறைந்தால் சுமார் 122 பவுண்டு பென்ஷன் போகிறது, அதுவும் ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும். பென்ஷனுக்குக் கட்டுவது குறைவதைச் சேமிப்பு என்று கணக்கில் காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள்.

ஹாரோவிலிருந்து:
அண்ணா, குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு இன்னொன்று. மகப்பேற்றுச் சம்பளத்தில் முதல் ஆறு வாரம் சராசரிச் சம்பளத்தின் 90 சதவீதம் வரும், அந்தச் சராசரியும் பிடித்தம் போனதிலிருந்துதான். சட்டப்படி வரும் அந்தப் பணத்தில் காருக்காகப் பிடிக்க முடியாது என்பதால் லீஸை யார் கட்டுவது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எங்கள் எச்ஆரில் யாருக்கும் தெரியவில்லை. பேரோலில் (சம்பளம் போடும் பிரிவில்) இருந்த ஒரு பெண்மணி கொள்கை ஆவணத்தைத் திறந்து, வரிக்கு வரி என்னோடு சேர்ந்து படித்தார். விடுப்பு முழுக்கக் கம்பெனியே கட்டும் என்று அதில் தெளிவாக இருந்தது, அதை மெயிலில் வாங்கி வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

குரோய்டனிலிருந்து:
நான் கடைசியில் எடுக்கவில்லை. வேலைக்காக ஊரெல்லாம் சுற்றுகிறவன். சொந்தக் கார் என்றால் வருடத்தில் முதல் 10,000 மைல் வரை, மைலுக்கு 45 பென்ஸ் வரை கம்பெனியிடமிருந்து வரியில்லாமல் வாங்கலாம், லீஸ் கார் கம்பெனி காராகக் கணக்காவதால் மின்சாரச் செலவுக்கு மைலுக்குச் சில பென்ஸ்தான். பிளாட்டில் இருப்பதால் வீட்டில் சார்ஜர் போட வழியில்லை, இரவு மலிவு விலை மின்சாரம் எனக்குக் கிடையாது. தெருவில் சார்ஜ் செய்தால் வாட் (VAT) வரியே 20 சதவீதம், வீட்டிலென்றால் 5தான். வேலையை விட்டால் லீஸை முறிக்க எவ்வளவு என்று கேட்டேன், எழுத்தில் தர மறுத்தார்கள். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், பேட்டரி நிலவரத்தைச் சோதித்து வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.