65 வயசுக்கு மேல இடுப்பு வலி: முதல்ல குளிசையா, பயிற்சியா?

கவ்வாத்து மலை:
இலங்கை மலைநாட்டுத் தோட்டத்து வயசாளிங்க இடுப்பு வலின்னு போனா "நடங்க, எக்ஸசைஸ் செய்ங்க"ன்னு திருப்பி அனுப்புறது வழக்கமாப் போச்சு. 2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் போட்ட நாட்பட்ட இடுப்பு வலி வழிகாட்டியைத்தான் எல்லாரும் காட்டுறாங்க. அதே வழிகாட்டியில டைக்லோபெனாக், ஐபுபுரோபென் வகை வலி மருந்துகளையும் கொடுக்கலாம்னு இருக்கே, அதை ஏன் யாரும் சொல்றதில்ல? கட்டில்ல புரள முடியாதவங்கள எப்படி நடக்க வைக்கிறது? என் கட்சி இது: டைக்லோபெனாக் 50 மி.கி. காலை ஒண்ணு, இரவு ஒண்ணு, சாப்பிட்ட பிறகு. காலையில வெறும் வயித்துல, அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல் 20 மி.கி. ஏழு நாள். வலி இறங்கினதும் பயிற்சி.

மருந்து மேசை:
அண்ணே, கிளினிக் கொப்பியை (நோயாளியோட மருந்தும் சோதனையும் எழுதுற புத்தகம்) திறக்காம எழுதுன கணக்கு இது. அந்த வயசுல பிரஷருக்கு லொசார்ட்டனோ எனலாப்ரிலோ குடிக்காதவங்க எத்தனை பேர்? பாதிப் பேருக்குப் பக்கத்துலயே மூத்திரத்தைக் கூட்டுற நீர்க்குளிசையும் இருக்கும். சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் வர்ற குழாயைத் திறந்து வைக்கிற பொருளை டைக்லோபெனாக் நிறுத்துது. ரத்தம் வெளியே போற குழாயை லொசார்ட்டன் தளர்த்துது. நீர்க்குளிசை உடம்புத் தண்ணியைக் குறைக்குது. மூணும் சேர்ந்தா வடிகட்டுற அழுத்தமே விழுந்துடும். அதுக்கு மேல ரெண்டு நாள் வயித்தோட்டம் வந்தா, சிறுநீரகம் பழுதாக ஏழு நாள்கூடத் தேவையில்ல.

இதயத்துக்கு ஆஸ்பிரின் 75 குடிக்கிறவங்களுக்கு ஐபுபுரோபென் கொடுத்தா, ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரின் செய்ற வேலையை அது கெடுக்கும். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவங்களுக்கு டைக்லோபெனாக் கூடவே கூடாது. ஒமெப்ரசோல் வயித்தைக் காக்கும், சிறுநீரகத்தைக் காக்காது.

கவ்வாத்து மலை:
சரி தம்பி, அது வேண்டாம். மிச்சம் என்ன வச்சிருக்கீங்க? பனடோலா, அதாவது பரசிற்றமோலா? 2014ல அவுஸ்திரேலியாவுல செஞ்ச பெரிய ஆய்வுல, புதுசா வந்த இடுப்பு வலிக்குப் பரசிற்றமோலும் மருந்தே இல்லாத வெறும் குளிசையும் ஒரே மாதிரித்தான் வேலை செஞ்சுது. அதைவிடப் பலமான வலிமருந்து டிரமடோல் கொடுத்தா தலைசுத்தல், மலச்சிக்கல். ராத்திரி கக்கூசுக்கு இருட்டுல படி இறங்குறவங்க விழுந்து இடுப்பெலும்பை உடைச்சுக்கணுமா?

மருந்து மேசை:
டிரமடோல் விஷயத்துல உங்க பக்கம்தான். இன்னும் ரெண்டு மருந்தைச் சேர்த்துக்குங்க. நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரெகாபாலின், இடுப்புல இருந்து கால்ல இறங்குற வலிக்கே வெறும் குளிசையை வெல்லலைன்னு 2017லயே காட்டிட்டாங்க. தள்ளாட்டம் மட்டும் நிச்சயம். அமிட்ரிப்டிலின் 10 சின்ன அளவுதான், ஆனா புரொஸ்டேட் வீங்கின ஆம்பளைக்கு மூத்திரத்தை அடைச்சிடும்.

பரசிற்றமோல் பலவீனமான மருந்துதான். ஆனா சிறுநீரகத்துக்கும் வயித்துக்கும் மத்ததைவிட சாது. 500 மி.கி. ரெண்டு, ஆறு மணி நேர இடைவெளியில, 24 மணி நேரத்துல எட்டைத் தாண்டாம. 50 கிலோவுக்குக் கீழ உள்ள மெலிஞ்ச ஆச்சிமாருக்கும் குடிப்பழக்கம் உள்ளவங்களுக்கும் அதுவும் அதிகம், நாலு முதல் ஆறுக்குள்ள நிறுத்தணும். தடிமன் (சளி) குளிசைக்குள்ளயும் பரசிற்றமோல் ஒளிஞ்சிருக்கும், அதையும் எண்ணணும்.

பேர் எழுதாத வெள்ளைப் பாக்கெட்ல நாலு நிறத்துல குளிசை வாங்கிக் குடிக்கிறதுதான் எல்லாத்துலயும் மோசம். அதுல பிரெட்னிசலோன்ங்கிற ஸ்டீரொயிட் இருந்தா மூணாம் நாளே வலி பறந்த மாதிரி இருக்கும். மாசக்கணக்கா ஓடினா சீனி ஏறும், எலும்பு கரையும்.

ஊவா பிசியோ:
ரெண்டு பேரும் குளிசையை வலியோட மட்டும் சேர்த்துப் பேசுறீங்க. குளிசை வேலை செய்ற நேரத்துல அந்த ஆள் என்ன செய்றார்? பரசிற்றமோல் குடிச்சு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துல உச்சம். அந்த நேரத்துல அவர் படுத்துக் கிடந்தா மருந்து வீண். அப்பத்தான் எழுப்பணும். "வலி இறங்கினதும் பயிற்சி"ன்னு காத்திருந்தா கால் தசை அதுக்குள்ள கரைஞ்சிடும், 70 வயசுல அது லேசுல திரும்பாது.

லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) செய்யக்கூடியது: இஸ்தோப்புப் பலகையில (திண்ணைப் பலகையில) உக்காந்து எழும்புறது. பலகை தாழ்வா இருந்தா மடிச்ச கம்பளி ரெண்டு போட்டு உசத்துங்க. பாதம் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால, மூக்கு கால்விரலுக்கு நேரா வர்ற வரைக்கும் முன்னால சாஞ்சு எழும்பணும். இறங்கும்போது மூணு எண்ணுற அளவு மெதுவா. தொப்புன்னு விழுந்தா பயிற்சியும் இல்ல, முள்ளெலும்புக்கு அடியும்தான். அஞ்சு தடவை, ஓய்வு, இன்னொரு அஞ்சு, காலையும் மாலையும். பத்து சுலபமா வந்தா ஒரு கம்பளியை எடுங்க. கட்டில்ல முழங்கால் மடிச்சுப் படுத்து இடுப்பைத் தூக்கி அஞ்சு எண்ணி இறக்குறது எட்டுத் தடவை. லயத்து வாசல்லயே அஞ்சு நிமிஷ நடை, நாளைக்கு மூணு தரம், வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டுங்க. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம்.

வலிக்கு பத்துக்கு எத்தனைன்னு கேளுங்க. நாலு வரைக்கும் ஏறினா பரவாயில்ல. மறுநாள் காலையில கூடியிருந்தா எண்ணிக்கையைப் பாதியாக்குங்க, பூச்சியமாக்காதீங்க. வலி இல்லாத நாள்ல வெறகுக் கட்டைத் தூக்கிட்டு அடுத்த மூணு நாள் படுக்கிறதுதான் இங்க வழக்கமான கோளாறு.

பீலிக்கரை:
அக்கா, எண்ணெய் தேய்க்கிறது, பெல்ட் கட்டுறது ரெண்டையும் விட்டுட்டீங்க. இன்னொண்ணு: ஏத்தத்துல நல்லா ஏறுறவங்க இறக்கத்துல கால் மரத்து நின்னுடுறாங்களே, நடைப்பயிற்சி அவங்களுக்கும் பொருந்துமா?

ஊவா பிசியோ:
எண்ணெய் தேய்க்கட்டும், ஆனா சூடு தெரியாத சீனி வருத்தக்காரங்களுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். பெல்ட் வேண்டாம்னுதான் அந்த 2023 வழிகாட்டியும் சொல்லுது. முதுகை இழுத்து வைக்கிற இழுவை, அல்ட்ராசவுண்ட், கரண்ட் வைக்கிறதும் அதுலயே தள்ளுபடி. எங்க தொழில்ல பாதி மெஷின் அதோட போச்சு, எனக்குக் கவலையில்ல.

உங்க ரெண்டாவது கேள்விதான் மலைநாட்டுக்குரிய கேள்வி. ஏறும்போது உடம்பு தானா முன்னால சாயும், நரம்பு போற முள்ளந்தண்டுக் கால்வாய் கொஞ்சம் அகலும். இறங்கும்போது பின்னால சாஞ்சு பிடிப்போம், கால்வாய் ஒடுங்கி நரம்பு நெரியும். உக்காந்தா ரெண்டு மூணு நிமிஷத்துல மரப்பு போனா அது கால்வாய் ஒடுக்கம். ஏத்தத்துல ஆடுசதை பிடிச்சு, சும்மா நின்னாலே விட்டுச்சுன்னா ரத்தக் குழாய் அடைப்பாயிருக்கும், அது டொக்டர் பாக்க வேண்டியது. ஒடுக்கம் உள்ளவங்க மரப்பு வர்றதுக்கு முன்னாலயே உக்காந்து எழும்பி நடக்கட்டும், இறக்கத்துல கம்பு ஊனட்டும். படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கிறதும் சுகம் தரும். ஆனா கூன் விழுந்து உயரம் குறைஞ்ச ஆச்சிக்கு அதைச் சொல்லிக் கொடுக்காதீங்க. கரைஞ்ச முள்ளெலும்பு குனிஞ்சாலே நசுங்கும்.

கவ்வாத்து மலை:
60 வயசுல வலியே இல்லாதவங்களைப் படம் எடுத்தாலும் பத்துல எட்டுப் பேருக்கு மேல முள்ளந்தண்டுத் தட்டு தேய்ஞ்சுதான் தெரியும்னு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்காங்க. அதனால "எலும்பு தேஞ்சு போச்சு"ன்னு எக்ஸ்ரேயைக் காட்டிப் பயமுறுத்துறதை நானும் ஏத்துக்க மாட்டேன். ஆனா சறுக்கி விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோட மெலிஞ்சுக்கிட்டே போறது, ராத்திரி படுத்தாலும் விடாத வலி, இதுக்கெல்லாம் படமும் ரத்தமும் பாத்தே ஆகணும். முள்ளந்தண்டுக் காசநோய் இன்னும் இருக்கு. மூத்திரம் அடைச்சு, உக்காருற இடம் மரத்து, ரெண்டு காலும் தளர்ந்தா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, அன்னைக்கு ராத்திரியே 1990 அம்புலன்சுக்கு அடிங்க.

குளிசை விஷயத்துல முழுசா இறங்கி வர மாட்டேன். கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை) சரியா இருந்து, நீர்க்குளிசை இல்லாம, நெஞ்சு வருத்தமும் அல்சரும் இல்லாத ஆளுக்கு அஞ்சு நாள் டைக்லோபெனாக் கொடுக்கலாமா?

மருந்து மேசை:
அந்த ஆளுக்குச் சரி. நான் அதே வகையில நப்ரொக்சன் 250 மி.கி. ரெண்டு வேளைன்னு சொல்வேன், ஒமெப்ரசோலோட. பிரஷர் கூடினா, கணுக்கால் வீங்கினா, மூத்திரம் குறைஞ்சா, வாந்தியோ வயித்தோட்டமோ வந்தா அந்த நேரமே நிப்பாட்டணும். மூணு மாசத்துக்குள்ள எடுத்த கிரியேட்டினின் கொப்பியில இல்லைன்னா, என் மேசையில இருந்து ஒரு குளிசையும் போகாது அண்ணே.

கவ்வாத்து மலை:
அந்த ரத்தச் சோதனைக்கு லயத்துல இருந்து பஸ் ரோட்டுக்கே ரெண்டு கட்டை தூரம் இறக்கம், தம்பி. அவர்தான் இறங்க முடியாம கிடக்கிறார்.

ஊவா பிசியோ:
அப்ப சோதனை வர்ற வரைக்கும் பனடோல் ரெண்டு, அரை மணி கழிச்சு இஸ்தோப்புப் பலகை. அதுக்கு எந்தக் கொப்பியும் வேண்டாம்.

மருந்து மேசை:
ஈரல் வருத்தம் இருக்கான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுட்டு, அக்கா.