பஸ்கா வாரத்தில் இட்லி கொடுக்கலாமா?

வட்டக்கானல் மாடிவீடு:
வட்டக்கானலில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். சமையல் என் பொறுப்பு. யூதர்களின் பஸ்கா பண்டிகை வாரத்தில் இஸ்ரேலில் இருந்து ஒரு குடும்பம் வருகிறது. புளித்த மாவு கூடாது என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். ரொட்டி ஆகாது, சரி. என் காலைப் பலகாரமே இட்லி, தோசைதான். மாவு பொங்காமல் இட்லி ஏது?

குன்னூர் பழைய சமையல்காரர்:
அம்மா, தடை ஐந்து தானியங்களுக்குத்தான்: கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட். அந்த வாரம் அவர்கள் சாப்பிடும் புளிக்காத மட்சா ரொட்டியும் கோதுமைதான். ஆனால் மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுத்துவிட வேண்டும். அரிசியும் உளுந்தும் எவ்வளவு பொங்கினாலும் அந்தக் கணக்கில் வராது. இருந்தாலும் அவசரப்படாதீர்கள். ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களில் வழக்கத்தை விடாதவர்கள் அந்த வாரம் அரிசி, பருப்பு, கடுகு எதையும் தொடமாட்டார்கள். ஈராக், ஏமன் வழிவந்தவர்களில் பலர் அரிசி சாப்பிடுவார்கள். எந்த வழக்கம் என்று கேட்டுவிட்டு அரிசியை ஊறப்போடுங்கள்.

ரவை, சேமியா, மைதாவை நீங்களே ஒதுக்கிவிடுவீர்கள். எல்லோரும் கோட்டை விடுவது பெருங்காயத்தில். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கடைச் சாம்பார்ப் பொடியையும் நம்பாதீர்கள்.

பூம்பாறைத் தோட்டம்:
உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், முட்டை இருக்கக் கவலை எதற்கு? கோழிக் குழம்பும் வைக்கலாமே.

குன்னூர் பழைய சமையல்காரர்:
கோழி வேண்டாம் தம்பி. அவர்கள் முறைப்படி அறுத்ததாக இருக்க வேண்டும். நம் கறிக்கடையில் அதற்கு வழியில்லை. காய்கறி சரி, பாத்திரத்தில்தான் சிக்கல். கண்டிப்பானவர்கள் நம் சட்டியில் சமைத்ததைச் சாப்பிடமாட்டார்கள். அதற்காக முகம் சுளிக்கக் கூடாது. புது எவர்சில்வர் சட்டி, புதுக் கத்தி, ஓர் அடுப்பு கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். பழகிய மண்சட்டியை எத்தனை முறை கழுவினாலும் ஆகாது. பண்டிகை இஸ்ரேலில் 7 நாள், வெளிநாடுகளில் 8 நாள். இவர்களுக்கு எத்தனை என்றும் கேளுங்கள்.

வட்டக்கானல் மாடிவீடு:
டப்பாவைப் பார்த்தேன் ஐயா, மைதாவேதான்! அவர்களிடமும் கேட்டுவிட்டேன். ஈராக் வழியாம், அரிசி உண்டு. கோதுமை மணி எதுவும் ஒளிந்திருக்கக் கூடாது என்று அரிசியை மூன்று முறை பொறுக்குவார்களாம். புதுச் சட்டி கேட்டிருக்கிறார்கள், இட்லித் தட்டும் புதிதாகவே வாங்கிவிடுகிறேன்.

குன்னூர் பழைய சமையல்காரர்:
கிரைண்டரில் எப்போதாவது கோதுமை அரைத்திருக்கிறீர்களா? அரைத்திருந்தால் அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இட்லி வேண்டுமா, வெறும் சோறு போதுமா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.