ராத்திரி சமையல் நிகழ்ச்சியும் டயட்டும்: விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள் (ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தில் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

ஒன்பது மணி: டயட்டில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாடு முடிந்து சமையல் நிகழ்ச்சி பார்க்க உட்கார்ந்தால், பத்து மணிக்கு ஃபிரிட்ஜ் கதவு திறக்கிறது. ‘மனசைக் கட்டுப்படுத்து’ வகை அறிவுரை வேண்டாம். எது, எவ்வளவு, ஏன் என்று சொல்லுங்கள்.

பின்வெளிச்சம்: திரையில் வரும் விளம்பர பிரியாணி பெரும்பாலும் தின்பதற்காகச் செய்தது இல்லை. அரிசியை முக்கால் பதத்தில் வடித்துத் தட்டில் பரப்பி ஆறவிடுவார்கள். தம் போட்டால் பருக்கை உடையும், நிறம் மங்கும். கோழியை அரைவேக்காட்டிலேயே எடுத்துவிடுவார்கள். முழுசாக வெந்தால் சதை சுருங்கி எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். வெந்தமாதிரி தெரிவதற்கு சோயா சாஸ் கலந்த எண்ணெயை பிரஷ்ஷால் ஒரு தடவு.

ஆவிக்கு, ஈரப்பஞ்சை மைக்ரோவேவில் சூடாக்கித் தட்டுக்குப் பின்னால் ஒளித்துவைப்பது பழைய வழி. விளக்கு பின்பக்கமிருந்து விழுந்தால்தான் ஆவி தெரியும். முன்னாலிருந்து அடித்தால் ஒன்றுமே தெரியாது. குளிர்பானப் பாட்டில் மேல் முத்து முத்தாக நிற்பது கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி. உருகாத ஐஸ்கிரீம் என்றால் வனஸ்பதியில் பொடித்த சர்க்கரை பிசைந்த உருண்டையாக இருக்கலாம்.

இதெல்லாம் நேற்று வந்த வித்தை இல்லை. அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் விளம்பரத்தில் காய்கறி அடியில் தங்கிவிடாமல் இருக்க, கிண்ணத்துக்குள் கோலிக்குண்டு போட்டுப் படம் எடுத்தார்கள். 1970இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் தலையிட்டுத் தடுத்தது.

சத்தம் தனிக் கதை. கடுகு வெடிப்பதும் தோசைக்கல்லின் ‘சொய்ங்’கும் பல இடங்களில் மைக்கை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தனியாக எடுத்து ஒட்டியவை. அதே காட்சியை மியூட்டில் பாருங்கள். என் கணிப்பில் இழுப்பு பாதியாகக் குறையும்.

சுண்டல் கிண்ணம்: டிவிதான் ஆசையைத் தூண்டுகிறது என்பது பாதி உண்மை. மீதிப் பாதி நேர் எதிர்: வயிற்றைக் காயப்போட்டவர்தான் சாப்பாட்டுக் காட்சியைத் தேடித் தேடிப் பார்க்கிறார். 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களுக்கு 24 வாரம் ஏறக்குறைய அரைச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்களில் சிலர் சமையல் புத்தகம் சேர்க்கவும் படுக்கையில் கிடந்து குறிப்புகள் படிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே தூண்டிவிட டிவி எதுவும் இல்லை.

ஆகவே ஒருவர் நாளுக்கு நாள் அதிகமாக சமையல் வீடியோ பார்த்தால், திட்டுவதற்கு முன்னால் அவர் பகலில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய், சாயங்காலம் சர்க்கரையில்லாத டீ. இதுதான் வழக்கமான பதில். இப்படி இருந்தால் ஒன்பது மணிக்கு எந்தச் சேனல் ஓடினாலும் கதை அதேதான்.

மாற்றவேண்டியது சாயங்காலம் நாலரை மணிக்குச் சாப்பிடுவதை. வேகவைத்த கொண்டைக்கடலை 150 கிராம், அதாவது ஒரு கிண்ணம் நிறைய, சுமார் 245 கலோரி, 13 கிராம் புரதம். கூட ஒரு டம்ளர் மோர். இதைச் சேர்த்தால் மொத்தக் கணக்கு ஏறிவிடுமே என்று பயப்படுகிறார்கள். பத்து மணிக்கு நின்றுகொண்டே தின்கிற மிக்சர் யார் கணக்கிலும் வருவதில்லை. அதுதான் நிஜமான ஓட்டை.

ஒன்பது மணி: சாப்பாட்டையே டிவி முன்னால் முடித்துவிட்டால்?

சுண்டல் கிண்ணம்: அது இன்னும் மோசம். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 2009இல் வெளியான ஆய்வு: டிவி பார்த்தபடி மதிய உணவு சாப்பிட்ட பெண்கள், பிற்பகலில் பிஸ்கட் கொடுத்தபோது மற்றவர்களைவிட அதிகம் எடுத்தார்கள். சாப்பிட்டது மனசில் சரியாகப் பதியவில்லை என்பதுதான் அங்கே சொன்ன விளக்கம்.

மூணு நிமிஷம்: ஆசை கிளம்பின பிறகு என்ன செய்வது என்பதற்கு ஒன்று. சாப்பாட்டு ஆசை பெரும்பாலும் மனசுக்குள் ஓடுகிற படம். அந்த இடத்தை வேறு படம் பிடித்துக்கொண்டால் ஆசை தளரும். பிளிமத் பல்கலைக்கழகத்தில் மூன்று நிமிடம் டெட்ரிஸ் என்ற கட்டை அடுக்கும் வீடியோ கேம் விளையாடவைத்தே இதைக் காட்டினார்கள். கட்டையைத் திருப்பி அடுக்குகிற மாதிரி, கண்ணுக்கு வேலை கொடுப்பதாக இருக்கவேண்டும். பாட்டுக் கேட்பது அந்த அளவுக்கு உதவாது.

இன்னொன்றையும் கலக்கிக் குழப்பிவிடுகிறார்கள். ‘பார்த்தாலே வயிறு நிறையும்’ என்று மொக்பாங், அதாவது ஒருவர் கேமரா முன்னால் நிறையச் சாப்பிட்டுக் காட்டுகிற வீடியோ, பார்க்கிற கூட்டம் இருக்கிறது. 2010இல் கார்னெகி மெலன் ஆய்வில், 30 சாக்லேட் மிட்டாயை ஒவ்வொன்றாகத் தின்பதாகக் கற்பனை செய்தவர்கள், மூன்றைக் கற்பனை செய்தவர்களைவிடக் குறைவாகத் தின்றார்கள். உண்மைதான். ஆனால் மெல்லுவதையும் விழுங்குவதையும் மனசுக்குள் முழுசாக நடத்தவேண்டும். மிட்டாயைக் கிண்ணத்தில் போடுவதாக நினைத்தவர்களுக்குப் பலிக்கவில்லை. மிட்டாயை நினைத்தவருக்கு சீஸ் மேல் ஆசை குறையவும் இல்லை. இன்னொருவர் தின்பதை வேடிக்கை பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது.

கார்ட்டூன் நேரம்: குழந்தைகள் விஷயம் ஒரு வரியில்: யேல் ஆய்வு, 2009. உணவு விளம்பரம் கலந்த கார்ட்டூன் பார்த்த பிள்ளைகள், வேறு விளம்பரம் பார்த்த பிள்ளைகளைவிட 45 சதவீதம் அதிகம் கொறித்தார்கள். கவனிக்க வேண்டியது, கையில் கொடுத்தது விளம்பரத்தில் வந்த பண்டம் இல்லை. ‘அந்த பிராண்டை வீட்டுக்கே வாங்குவதில்லை’ என்பது பாதுகாப்பு ஆகாது.

கரண்டிக் கணக்கு: எல்லாரும் ஆசையைப் பற்றியே பேசுகிறீர்கள். நிகழ்ச்சியைப் பார்த்து வீட்டில் சமைப்பவர்களுக்கு அடி விழுவது வேறு இடத்தில். ‘கொஞ்சமா எண்ணெய் விட்டுக்கோங்க’ என்று சொல்லிக்கொண்டே குழிக்கரண்டியைக் கவிழ்ப்பார்கள். 50 மில்லி பிடிக்கிற கரண்டி என்றால் 46 கிராம் எண்ணெய், சுமார் 415 கலோரி. இரண்டு தடவை விட்டால் நாலு பேர் குழம்பில் ஆளுக்கு 207. அதே குழம்புக்கு நாலு டீஸ்பூன், அதாவது 20 மில்லி போதும், ஆளுக்கு 41தான். குறைத்தால் மசாலா அடிபிடிக்குமே என்பார்கள். வெங்காயம் வதங்கும்போது ஒரு சிட்டிகை உப்பு போட்டு, காய்கிறபோதெல்லாம் இரண்டு ஸ்பூன் வெந்நீர் தெளித்தால் பிடிக்காது. மேலே எண்ணெய் மிதக்காது, அவ்வளவுதான். அந்த மிதப்பு கேமராவுக்காக.

முதலில் உங்கள் வீட்டுக் குழிக்கரண்டி எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். இருமல் மருந்தோடு வருகிற மூடியில் 10 மில்லி கோடு இருக்கும். தண்ணீரை அதில் அளந்து அளந்து கரண்டியில் ஊற்றினால் தெரிந்துவிடும். சில வீடுகளில் 70ஐத் தாண்டும்.