ஃபால்செட்டோவுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

சிறுநூல்காரி எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் அடுத்த மாதம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு ராக் இசை மாலை வைக்கிறோம். 60, 70களின் பாடகர்களைப் பற்றிப் பதினாறு பக்கச் சிறுநூல் என் பொறுப்பு. எல்லாம் முடிந்தது, ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன். ஆண் பாடகர் தன் இயல்பான உச்சத்தைத் தாண்டி, காற்றுக் கலந்த மெல்லிய குரலில் மேலே போவாரே, அந்த ஃபால்செட்டோ. பீச் பாய்ஸின் ‘டோன்ட் வொரி பேபி’ (1964) பல்லவியில் பிரையன் வில்சன் அதில்தான் மிதக்கிறார். குவீனின் ‘பொஹீமியன் ராப்சடி’யில் (1975) ‘கலிலியோ’ என்று கூரையைத் தொடுவது ஃபிரெடி மெர்குரி என்று பாதிப்பேர் நினைக்கிறார்கள். அது டிரம்மர் ராஜர் டெய்லர். இப்போதைக்குப் ‘பொய்க்குரல்’ என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.

கிட்டார்க்காரன் எழுதியது:
அக்கா, பொய்யா? டீப் பர்ப்பிளின் ‘சைல்ட் இன் டைம்’ (1970) கேட்டுவிட்டு அந்தச் சொல்லை எழுதுங்கள் பார்ப்போம். ஜான் லார்டின் ஆர்கன் தூறல் மாதிரி ஆரம்பிக்கும். (அந்த மெட்டு ‘பம்பாய் காலிங்’ என்ற பாட்டிலிருந்து எடுத்தது, அது தனிக்கதை.) இயன் கில்லன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி நாலு வரி பாடுவார். அதோடு சொல் தீர்ந்துவிடும். வெறும் ‘ஊ’. பிறகு அதையே ‘ஆ’ என்று வாயைத் திறந்து. மூன்றாவது படியில் அது பாட்டே இல்லை, அலறல். ஹெட்ஃபோனில் கேட்டால் பின்கழுத்து மயிர் எழும். அதே வருடம் வந்த ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ இசைத்தட்டில் ஏசுவாகப் பாடியதும் இவர்தான். கெத்செமனே தோட்டத்தில் ஏசு கதறுவது பொய்க்குரலிலா?

மிடற்றார் எழுதியது:
இதற்கு ஏன் இத்தனை அலைச்சல்? ஒலி பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலைத் தொல்காப்பியர் தொடங்குவதே இப்படித்தான்: ‘உந்தி முதலா முந்துவளி தோன்றித் தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நிலைஇ’. நெஞ்சுக்குரல், தலைக்குரல் என்று மேற்கத்தியப் பாட்டு வாத்தியார்கள் பிரிப்பதற்கு முன்பே தலை, மிடறு (தொண்டை), நெஞ்சு மூன்றும் நம்மிடம் உண்டு. ஆனால் ‘குரல்’ ஆகாது. குரல், துத்தம், கைக்கிளை என்னும் ஏழில் அது ஒரு சுரத்தின் பெயர். தினைக்கதிருக்கும் குரல் என்று பெயர். மயக்கம் வரும். எனவே ‘தலைமிடறு’.

சிறுநூல்காரி எழுதியது:
ஐயா, மிடறு என்றால் என் மாணவிகளுக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். ‘பிரையன் வில்சன் ஒரு தலைமிடறு பாடினார்’ என்று எழுதினால் தலையில் எதையோ ஊற்றிக்கொண்டார் என்பார்கள்.

மிடற்றார் எழுதியது:
மாணவிகளின் அறியாமை கலைச்சொல்லுக்கு அளவுகோலா? குரல் என்பது எந்தச் சுரம் என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள்...

(இந்தச் சண்டை 2009-லிருந்து இங்கே நடக்கிறது. வேண்டாம், ஐயா. - மட்டுறுத்துநர்)

காது மூக்கு தொண்டை எழுதியது:
தலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. தலையில் அதிர்வது போலப் பாடுபவருக்குத் தோன்றும், அவ்வளவுதான். எல்லாம் நடப்பது தொண்டைக்குள். சாதாரணமாகப் பேசும்போது குரல் மடிப்புகள் தடிமனாக, முழு ஆழத்துக்கும் ஒன்றோடொன்று மோதும். ஃபால்செட்டோவில் அவை இழுபட்டு மெலிந்து, ஓரம் மட்டும் அதிரும், முழுக்க மூடிக்கொள்ளாது. அந்த இடைவெளியில் கசிகிற காற்றுதான் நீங்கள் சொல்லும் ‘காற்றுக் கலந்த’ தன்மை. மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் 1854-இல் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுத் தன் குரல்வளையைத் தானே பார்த்தார். எங்கள் தொழிலே அங்கேதான் தொடங்குகிறது. என் பரிந்துரை: ‘விளிம்புக்குரல்’.
பின்குறிப்பு: கில்லனின் உச்ச அலறலில் காற்றுக் கசிவே இல்லை. என் காதுக்கு அது ஃபால்செட்டோவே அல்ல. தம்பி கோபப்பட வேண்டாம்.

கிட்டார்க்காரன் எழுதியது:
கோபமில்லை டாக்டர், சந்தோஷம்தான். அப்போ கில்லன் பொய்யில்லை. ஆனால் விளிம்புக்குரல் என்றால் விளிம்புநிலை மக்களின் குரல் என்றல்லவா படிப்பார்கள்? குவீன் பற்றிய கட்டுரை சிற்றிதழ்க் கட்டுரை ஆகிவிடும்.

வயல்காட்டார் எழுதியது:
‘குலவைக்குரல்’ என்றால் என்ன? லெட் செப்பலினின் ‘இமிக்ரன்ட் சாங்’ தொடக்கத்தில் ராபர்ட் பிளான்ட் இடுவது குலவைதானே?

கிட்டார்க்காரன் எழுதியது:
அண்ணா, குலவைக்கு நாக்கு ஆட வேண்டும். பிளான்டுக்கு நாக்கு அசையவே இல்லை. அது போர்க்கூச்சல், பாட்டே வைக்கிங்குகளைப் பற்றியது.

யாழிலிருந்து எழுதியது:
எங்கட சங்கீத ரீச்சர் ‘கள்ளக்குரலில பாடாதை’ எண்டுதான் ஏசுவா. சொல் ஏற்கெனவே புழக்கத்தில இருக்கேக்க ஏன் புதுசு? கள்ளம் எண்டால் வசையும்தான், செல்லமும்தான். ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுற பேரனை ‘கள்ளன்’ எண்டுதானே கொஞ்சுறம். இத்தாலியிலயும் ‘ஃபால்சோ’ எண்டால் பொய், ‘எட்டோ’ சின்னது. குட்டிப்பொய். அந்தச் செல்லம் ‘பொய்க்குரலில்’ இல்லை, ‘கள்ளக்குரலில்’ இருக்கு.

சிறுநூல்காரி எழுதியது:
அழகான விளக்கம், அண்ணா. ஆனால் இங்கே ‘கள்ள’ என்று தொடங்கினாலே மாலைப் பத்திரிகைத் தலைப்புத்தான். நூலகர் ஒப்பமாட்டார்.

வயல்காட்டார் எழுதியது:
பொய்க்கால் குதிரையைப் பொய் என்று யாராவது திட்டுகிறார்களா? அந்தக் காலில் ஏறி நின்றால்தான் ஆட்டம். உயரம் வேண்டி மாட்டிக்கொண்ட கால் அது, இது அதே மாதிரிக் குரல். ‘பொய்க்குரல்’ இருக்கட்டும் அம்மா.

காது மூக்கு தொண்டை எழுதியது:
இந்த ஒப்புமை எனக்கும் பிடித்திருக்கிறது. விளிம்பைத் திரும்பப் பெறுகிறேன்.

பழைய இசைத்தட்டு எழுதியது:
உயரம் என்றதும் நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா. பொய்யும் இல்லை, மைக்கும் இல்லை, கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும். 1933-இல் போனபோது வயது 27. ஜானிஸ் ஜாப்ளினும் ஜிமி ஹென்றிக்ஸும் 1970-இல் போனபோது அதே 27. ராக்காரர்கள் இந்த வயதைப் பெரிய மர்மமாகப் பேசுவார்கள். கணக்கில் நம்மாளையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

(தலைப்புக்கு வருவோம். - மட்டுறுத்துநர்)

சிறுநூல்காரி எழுதியது:
மூன்று பேர் ‘பொய்க்குரல்’, ஒருவர் ‘கள்ளக்குரல்’, ஐயா ‘தலைமிடறு’. முதல் இடத்தில் ‘ஃபால்செட்டோ என்னும் பொய்க்குரல்’, பிறகு வெறும் பொய்க்குரல் என்று வைத்துவிட்டேன். பொய்க்கால் குதிரையை ஒரு வரியில் சேர்த்தேன். கில்லனை அந்தப் பத்தியிலிருந்து தூக்கி ‘அலறல்’ என்ற பத்தியில் போட்டாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

மிடற்றார் எழுதியது:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். குரல் தினைக்கு.

காது மூக்கு தொண்டை எழுதியது:
அம்மா, நீங்கள் அனுப்பிய படியில் மூன்றாம் பக்கம் ‘குரல் நாண்’ என்று இருக்கிறது. அது நாண் அல்ல, மடிப்பு. கம்பி போல இழுத்துக் கட்டியது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

மிடற்றார் எழுதியது:
மடிப்பு வேட்டிக்கு. ‘மிடற்றிதழ்’ எனலாம். இதழ் என்ற சொல்லின் வேரைப் பார்த்தால்...

சிறுநூல்காரி எழுதியது:
அச்சகத்துக்குப் போய்விட்டது, ஐயா.